காரீயமும் செம்பும்: கொங்கு நாட்டு வேட்டையின் உலோக வரலாறு

ஈயம் என்னும் ஒரே சொல்லால் நாம் இரண்டு உலோகங்களைக் குறித்து வருகிறோம். பித்தளைப் பாத்திரத்தின் உட்புறத்தில் பூசுவதும், ரசம் வைக்கும் சொம்பாக வடிப்பதும் வெள்ளீயம். துப்பாக்கிக் குண்டாக வார்க்கப்படுவது காரீயம். முன்னது சமையலறைக்கு உரியது; பின்னது உடலுக்குள் சென்றால் நஞ்சு. பேச்சுவழக்கில் இரண்டுக்கும் அடைமொழி உதிர்ந்துவிட்டது. மான் இறைச்சியில் ஈயம் கிடந்தது என்று எழுதினால் நம் வாசகருக்குப் பாட்டியின் ஈயச்சொம்பு நினைவுக்கு வருமேயன்றி அச்சம் வராது. எனவே இக்கட்டுரையில் ஈயம் என்று வருமிடமெல்லாம் காரீயம் என்றே கொள்க.

மேலைநாடுகளில், குறிப்பாக அமெரிக்காவில், மான் வேட்டையாடுவோரிடையே சில பத்தாண்டுகளாக ஒரு வழக்கு நடந்து வருகிறது. ஈயக்குண்டைக் கைவிட்டு முழுவதும் செம்பாலான குண்டுக்கு மாறவேண்டுமா என்பதே அது. மான் வேட்டை சட்டப்படி ஒழிந்துவிட்ட நம் நாட்டில் இதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று கேட்கலாம். கோவையைச் சுற்றியுள்ள மலைகளின் வேட்டை வரலாற்றைப் புரட்டினால் பேச நிறையவே இருக்கிறது.

கொங்கின் வேட்டைக்கதை ஓர் அம்பிலிருந்து தொடங்குகிறது. கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரி எய்த ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கடந்து, புள்ளிமான் கலையை உருட்டி, பன்றியையும் துளைத்து, புற்றிலிருந்த உடும்பின் உடலில் சென்று தைத்தது என்று வன்பரணர் புறநானூற்றில் பாடுகிறார். வகுப்பில் இப்பாடலை நடத்தும்போதெல்லாம் பின்வரிசையிலிருந்து ஒரு சிரிப்பு எழும். நாமும் அதை உயர்வு நவிற்சி என்று சொல்லிக் கடந்துவிடுவோம். ஆனால் பாடலில் ஒரு கருத்து உறுதியாக நிற்கிறது. அந்த அம்பு சிதறவில்லை. உடலுக்குள் புகுந்தது உருக்குலையாமல் மறுபக்கம் வெளியேறியது. அத்தகைய முனைகளைச் செய்யும் தொழில் அக்காலக் கொங்கில் இருந்தது. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் இரும்பு உருக்கிய உலைகளும், உயர்தர எஃகு செய்த தடயங்களும், ஈமக்குழிகளில் இரும்பு அம்புமுனைகளும் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. இரும்பு முனை எலும்பில் பட்டு வளையலாம், ஒடியலாம். பொடியாகி ஊனில் கலப்பதில்லை.

துப்பாக்கி வந்தபோது இந்த நிலை மாறியது. ஈயம் 327 பாகை செல்சியஸிலேயே உருகிவிடும். விறகடுப்பும் இரும்புக் கரண்டியும் ஓர் அச்சும் இருந்தால் எவரும் குண்டு வார்த்துக்கொள்ளலாம். செம்பை உருக்கவோ 1,085 பாகை வேண்டும்; அதற்கு உலையும் துருத்தியும் தொழில் தெரிந்த கையும் தேவை. உலகெங்கும் குண்டு என்றால் ஈயம் என்று ஆனதற்கு இந்த எளிமை ஒரு முதன்மைக் காரணம். மற்றொன்று அதன் கனம்: ஒரு கன சென்டிமீட்டர் ஈயம் 11.34 கிராம், செம்பு 8.96 கிராம். கனமான குண்டு காற்றைக் கிழித்துத் தொலைவு செல்லும். ஈயம் மிக மென்மையானது என்பதால் பெரிய விலங்குகளுக்கு வார்க்கும்போது சிறிது வெள்ளீயத்தைக் கலந்து கடினமாக்குவதும் உண்டு. சொல்லில் ஒன்றாகிப்போன இரு உலோகங்களும் அந்தக் கரண்டியிலும் ஒன்றாயின.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆனைமலைக்கும் நீலகிரிக்கும் துப்பாக்கியோடு ஏறிய ஆங்கிலேய அதிகாரிகளில் டக்ளஸ் ஹாமில்டன் குறிப்பிடத்தக்கவர். சென்னைப் படையைச் சேர்ந்த அவர் ஆனைமலை, நீலகிரி, பழனி மலைகளில் தாம் ஆடிய வேட்டைகளை எழுதிவைத்தார். அது 1892இல் நூலாக வெளிவந்தது. கடமானும் வரையாடும் காட்டெருமையும் அக்காலத்தில் எவ்வளவு மலிந்திருந்தன என்பதை அறிய இத்தகைய வேட்டைக் குறிப்புகளையே இன்றும் நாடவேண்டியிருக்கிறது. கொன்றவர்களின் கணக்கிலிருந்துதான் இருந்தவற்றின் கணக்கை நாம் பெறுகிறோம்.

நீலகிரி அப்போது கோயம்புத்தூர் மாவட்டத்தின் பகுதி; 1868இல்தான் பிரிந்தது. அடுத்த பத்தாண்டுக்குள் வேட்டைவிலங்குகள் குறைந்துவிட்டன என்ற கவலை வேட்டைக்காரர்களுக்கே வந்தது. 1877இல் நீலகிரி வேட்டைச் சங்கம் தோன்றியது. 1879இல் சென்னை மாகாண அரசு நீலகிரி வேட்டைவிலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றி, விலக்குப் பருவமும் உரிம முறையும் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய ஆண்டில்தான் இந்திய ஆயுதச் சட்டம் வந்திருந்தது. இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தால், மான் யாருக்காகப் பாதுகாக்கப்பட்டது என்பதில் ஐயமிராது. தலைமுறை தலைமுறையாகக் காட்டில் வாழ்ந்த இருளரும் குறும்பரும் திருட்டு வேட்டைக்காரர் ஆயினர். உரிமம் வைத்திருந்தவர் விளையாட்டு வீரர் ஆனார். அச்சங்கம் பின்னாளில் பெயரும் நோக்கமும் மாறிக் காட்டுயிர்க் காப்புக்கு உழைத்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

குண்டின் கதையில் அடுத்த திருப்பமும் இந்திய மண்ணில்தான். புகையற்ற மருந்து வந்து வேகம் கூடியபோது, வெற்று ஈயம் துப்பாக்கிக் குழாயில் தேய்ந்து ஒட்டியது. எனவே ஈயத்தின்மேல் செம்புக் கலவையாலோ நிக்கல் கலவையாலோ உறை போட்டார்கள். முழுதும் உறையிட்ட குண்டு எதிரியைத் துளைத்துச் சென்றுவிடுகிறது, உடனே வீழ்த்துவதில்லை என்று படைவீரர்கள் குறைசொல்ல, கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதச்சாலையில் கேப்டன் பெர்ட்டி கிளே மூக்குப்பகுதியின் உறையை நீக்கி ஈயம் வெளித்தெரியும்படி அமைத்தார். இது 1890களில் நடந்தது. அது உடலில் பட்டதும் விரிந்து பரவும். 1899இல் ஹேக் மாநாடு இத்தகைய குண்டுகளைப் போரில் பயன்படுத்தலாகாது என்று அறிவித்தது.

வேட்டையில் நிலைமை நேர்மாறானது. விரியும் குண்டே மானுக்குரியது என்பது இருபதாம் நூற்றாண்டு முழுவதும் நிலைத்தது. இதில் ஒரு நியாயமும் இருந்தது: விரியாத குண்டு பட்ட மான் காயத்தோடு ஓடிப் புதருக்குள் கிடந்து நாட்கணக்கில் சாகும், விரியும் குண்டு விரைவில் கொல்லும். அந்த விரிதலின்போது ஈயம் என்ன ஆகிறது என்பதை மட்டும் எவரும் நெடுங்காலம் பார்க்கவில்லை.

2006இல் அமெரிக்காவில், ஈயக்குண்டால் சுடப்பட்ட மான்களின் உடல்களையும் வேட்டைக்காரர்கள் காட்டில் விட்டுச்சென்ற குடல்குவியல்களையும் ஊடுகதிர்ப் படமெடுத்து வெளியிட்ட ஆய்வு அதைக் காட்டியது. குண்டு சென்ற பாதையிலிருந்து வெகுதூரம்வரை, கண்ணுக்குப் புலப்படாத ஈயத் துணுக்குகள் விண்மீன்களைப்போல இறைந்து கிடந்தன. சில குவியல்களில் அவை நூற்றுக்கணக்கில் இருந்தன. செம்புக்குண்டு பட்ட உடல்களில் துணுக்குகள் மிகச் சிலவே.

அந்த ஆய்வுக்குத் தூண்டுதலாக இருந்தது ஒரு பறவை. கலிபோர்னியக் காண்டர் என்னும் பெரும்பிணந்தின்னி 1982இல் உலகிலேயே 22தான் எஞ்சியிருந்தது. பிடித்து வளர்த்துப் பெருக்கிக் காட்டில் விட்டபோதும் அவை மீண்டும் மீண்டும் ஈயநஞ்சால் மடிந்தன. பிணந்தின்னிகளின் இரைப்பை அமிலம் மிகக் கடுமையானது; அழுகலைச் செரிக்கும் அதே அமிலம் ஈயத்தையும் கரைத்துக் குருதியில் சேர்க்கிறது. குடல் செயலிழந்து, வயிறு நிறைய இரையிருந்தும் பறவை பட்டினியால் சாகும். கலிபோர்னியா 2013இல் சட்டமியற்றி, 2019 ஜூலை முதல் காட்டுயிர்களைச் சுட ஈயக்குண்டு கூடாது என்று முழுமையாக விலக்கியது.

மாற்று ஏற்கெனவே கடையில் இருந்தது. ஒரே செம்புத் துண்டாலான விரியும் குண்டை பார்ன்ஸ் நிறுவனம் 1989இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. நுனியில் குழிந்த இக்குண்டு, உடலில் பட்டதும் பூவின் இதழ்போல் பிரிந்து மடங்கும். உடையாது, எடையும் ஏறத்தாழ குறையாது. குறைகளும் உண்டு. செம்பு இலேசானது என்பதால் அதே எடைக்குக் குண்டு நீளமாகும், தொலைவில் வேகம் குறைந்தால் இதழ் விரியாமல் போகலாம், விலையும் கூடுதல். தொடக்கத்தில் வந்தவை துப்பாக்கிக் குழாயின் உள்ளே செம்பைப் பூசின. பிறகு குண்டின் உடலில் வளையப் பள்ளங்கள் வெட்டி அதைக் குறைத்தார்கள். ஆயினும் ஊனுக்குள் சிதறாமல் ஊடுருவும் முனை என்ற வகையில், இரண்டாயிரம் ஆண்டுக்குப் பின் ஓரியின் அம்பு திரும்பி வந்ததுபோலவே நமக்குத் தோன்றுகிறது.

இந்தச் செம்பு கொங்குக் காடுகளை எட்டவில்லை. 1972 காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தோடு மான் வேட்டை முடிந்தது என்று பலரும் எழுதுகிறார்கள்; அது முழு உண்மையன்று. அச்சட்டம் கடமானையும் புள்ளிமானையும் பெருவேட்டை விலங்குகள் பட்டியலில் வைத்து, உரிமம் பெற்று வேட்டையாட வழிவிட்டிருந்தது. 1991 திருத்தமே அக்கதவை அடைத்தது. சட்டப்படியான மான் வேட்டையின் கடைசி நாள்வரை இங்கே ஆண்டது ஈயம்தான். அதன்பின்னும் அது போய்விடவில்லை. பயிர்ப் பாதுகாப்புக்கென வாய்வழி மருந்திடும் துப்பாக்கி வைத்துக்கொள்ள 1959 ஆயுதச் சட்டம் இடம் தருகிறது. உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கிகளும் மலையடிவார ஊர்களில் அவ்வப்போது பிடிபடுகின்றன. இரண்டிலும் இடுவது ஈய ரவைதான்.

நம் காண்டர் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. சங்கப் புலவர்கள் எருவை என்றும் பாறு என்றும் பாடிய பிணந்தின்னிக் கழுகுகள் தென்னிந்தியாவில் தங்கிப் பெருகும் கடைசி இடங்களில் முதன்மையானது, முதுமலைக்கும் சத்தியமங்கலத்துக்கும் இடைப்பட்ட அந்தப் பள்ளத்தாக்கு. அவற்றை அழித்தது ஈயமன்று. கால்நடைகளுக்குப் போடப்பட்ட டைக்ளோஃபினாக் வலிநீக்கி மருந்து. 2006இல் அது கால்நடைக்கு விலக்கப்பட்டது. 2023இல் கீட்டோபுரோஃபெனும் அசிக்ளோஃபினாக்கும் விலக்கப்பட்டன. கோவையை மையமாகக் கொண்ட அருளகம் அமைப்பு ஊர் ஊராகச் சென்று இதற்காகப் பேசியது. இப்பழியை ஈயத்தின்மேல் ஏற்றுவது வரலாற்றுக்கு நேர்மையாகாது. ஆனால் ஆண்டுக்கு ஒரே முட்டையிடும் பறவை, மருந்திலிருந்து தப்பியபின் இன்னொரு நஞ்சைத் தாங்கும் எண்ணிக்கையில் இல்லை.

2025 ஜனவரியில் தமிழக அரசு, பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளைக் காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம் என்று அறிவித்தது. 1 கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது. இடைப்பட்ட பகுதியில் பிடித்துக் காட்டில் விடவேண்டும். மக்காச்சோளத்தையும் நிலக்கடலையையும் ஒரே இரவில் இழந்த உழவரைப் பார்த்தவர்கள் இம்முடிவைக் குறைசொல்ல மாட்டார்கள், நாமும் சொல்லவில்லை. அதையொட்டி நாம் படித்த விவாதங்கள் அனைத்தும் கிலோமீட்டர் கணக்கைப் பற்றியவை. குண்டு எந்த உலோகம், சுட்ட உடல் ஆழக் குழிதோண்டிப் புதைக்கப்படுகிறதா, குண்டுபட்டுத் தப்பியோடி ஓடைக்கரையில் விழும் பன்றியை யார் தேடுவது என்ற பேச்சு எதுவும் நம் கண்ணில் படவில்லை. இரை தேடிப் பாறு ஒரே பகலில் பல பத்துக் கிலோமீட்டர் பறக்கும். பவானிசாகரையும் சத்தியமங்கலத்தையும் ஒட்டிய காட்டோரத் தோட்டங்கள் மாயாற்றிலிருந்து அதற்குத் தொலைவே அல்ல.