குரலுக்கு ஒரு வழி, சமிக்ஞைக்கு ஒரு வழி

தோட்டத்து ஆபீசில் மட்டுமே தொலைபேசி இருந்த காலம் நம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். எண்ணைச் சுழற்றியதும் எங்கோ தொலைவில் மணி அடிக்கும். அந்த மணியை அடிக்க வைத்தது பேசுகிறவரின் குரல் அன்று. ஒரு தொலைபேசி நிலையம் இன்னொரு நிலையத்துக்கு அனுப்பிய கட்டளை அது. அதற்குச் சமிக்ஞை என்று பெயர்.

அமெரிக்காவில் ஏ.டி. அண்டு டி. நிறுவனம் வெளியூர் அழைப்புகளில் குரலையும் சமிக்ஞையையும் ஒரே வழியில் விட்டது. கம்பி சும்மா இருக்கும்போது அதில் 2600 ஹெர்ட்ஸ் அளவில் விசில் போன்ற ஓசை ஓடும். பேச்சு நடக்கும்போது அது நின்றுவிடும். செலவு மிச்சம்தான், ஆனால் வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியை வாசற்படியில் வைத்த கதையாயிற்று. ஜோ எங்ரெசியா என்ற பார்வையற்ற சிறுவன் அதே சுருதியில் வாயால் விசிலடித்தான். பேச்சு முடிந்தது என்று எண்ணி எதிர்முனை நிலையம் கம்பியை விடுவித்துவிட்டது! பின்னர் சிலர் இந்த ஓசைகளை எழுப்ப 'நீலப் பெட்டி' செய்து, காசு கட்டாமலே உலகெங்கும் பேசினர். 1971இல் 'எஸ்குவயர்' இதழ் இதை ஊரறியச் செய்தது.

அதற்கு முன்பே நிறுவனம் விழித்துக்கொண்டது. 1964 முதல் 1970 வரை 'கிரீன்ஸ்டார்' என்ற ரகசியப் பெயரில் சில நகரங்களில் கருவிகளை வைத்து, சுமார் 3 கோடியே 30 லட்சம் அழைப்புகளைச் சோதித்தது. 15 லட்சத்துக்கு மேற்பட்டவை ஒலிநாடாவில் ஏறின. 1975இல் ஒரு நாளேடு எழுதிய பிறகே பொதுமக்களுக்கு விஷயம் தெரிந்தது. ஒரு சில திருடர்களைப் பிடிக்க ஊரார் பேச்சையெல்லாம் ஒட்டுக்கேட்பதா? நமக்கு இது நியாயமாகப் படவில்லை.

ஆனால் இரண்டும் கலந்து ஓடியவரை, குரலைத் தொடாமல் சமிக்ஞையைக் கண்காணிப்பது கடினம். 1976இல் மேடிசனுக்கும் சிகாகோவுக்கும் இடையே சமிக்ஞைக்கென்று தனிவழி திறந்தார்கள். 1980இல் 'ஏழாம் எண் சமிக்ஞை முறை' உலகப் பொதுவிதியாயிற்று.

அந்தத் தனிவழியில் பழுது பார்க்கக் கருவி உண்டு. மருத்துவர் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டால் இதயத்துடிப்பு மாறுவதில்லை அல்லவா? அப்படித்தான் இதுவும். மின்தடை மிக அதிகமுள்ள இணைப்பின் மூலம் கம்பியோடு சேர்ந்துகொள்ளும். கேட்குமே தவிர ஒரு சொல்லும் அனுப்பாது. போகும் செய்தி ஒரு கம்பியிலும் வரும் செய்தி மறு கம்பியிலும் ஓடுவதால் அதற்கு இரண்டு காதுகள் வேண்டும். நொடிக்கு 20 லட்சத்துக்கு மேற்பட்ட துடிப்புகள் ஓடும் கம்பியை 32 பங்காகப் பிரித்து, சமிக்ஞை ஓடும் பங்கை மட்டும் பொறுக்கியெடுக்கும். யார், யாரை, எப்போது அழைத்தார் என்பது தெரியும், குரல் கேட்காது.

ஒட்டுக்கேட்கும் தொல்லை இதோடு ஒழிந்தது என்று நினைத்தோம். ஆனால் 1992இல் முதல் கைப்பேசிக் குறுஞ்செய்தி அனுப்பப்பட்டது. பின்னர் நாம் அனுப்பிய குறுஞ்செய்திகள் குரல் போகும் வழியில் போகவில்லை. சமிக்ஞை வழியிலேயே போயின. "அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, உடனே வா" என்று மகனுக்கு எழுதினால், பழுது பார்க்க வைத்த அந்தக் கருவியால் அதையும் எழுத்துக்கு எழுத்து படிக்க முடிந்தது.