பூட்டு வீட்டுக்காரருக்கு, மெசூசா குடியிருப்பவருக்கு

யூத வீட்டு வாசலில், உள்ளே நுழைபவரின் வலப்பக்க நிலைக்காலில், மேல் மூன்றிலொரு பங்கு தொடங்கும் உயரத்தில் ஒரு சிறு கூடு இருக்கும். அது மரமா, வெள்ளியா என்று யூதச் சட்டம் கேட்பதில்லை. உள்ளே சுருட்டி வைத்த தோல்தான் மெசூசா. விவிலியத்தின் உபாகமம் 6, 11 ஆம் அதிகாரங்களிலிருந்து இரு பகுதிகள், 713 எழுத்துகள், வழக்கமாக 22 வரிகள். அத்தனையும் தேர்ந்த எழுத்தர் கையால் எழுதியவை. ஓர் எழுத்து விட்டுப்போனாலும் செல்லாது. அச்சடித்தது எவ்வளவு அழகாக இருந்தாலும் செல்லாது.

இதை வீட்டைக் காக்கும் தகடாகக் கருதுவோர் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. சட்டத்தின் போக்கோ வேறு. வாடகை வீடு பற்றிய விதிகளில் அது பளிச்சென்று தெரிகிறது.

கதவு, தாழ்ப்பாள், பூட்டு ஆகியவற்றை வீட்டுக்காரர்தான் அமைத்துத் தரவேண்டும் என்கிறது பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா. மெசூசாவைப் பொருத்துவதோ குடியிருப்பவரின் பொறுப்பு என்கிறது, மிஷ்னாவை விரித்துப் பேசும் தால்முத்தின் பாபா மெட்சியா என்ற பகுதி. மெசூசா ஒரு பாதுகாப்புச் சாதனம் என்றால் பூட்டோடு சேர்ந்து வீட்டுக்காரர் கணக்கில் அல்லவா வந்திருக்க வேண்டும்? அது கட்டடத்தைச் சேர்ந்ததல்ல. அங்கே வாழ்வதால் வரும் கடமை. யாரும் குடியிருக்காத குளியலறைக்கும், ஏழு நாள் பந்தலான சுக்காவுக்கும் அது வேண்டாம். புலம்பெயர் நாடுகளில் வாடகைக்கு வந்தவருக்கு முதல் 30 நாள் விலக்கு உண்டு. இஸ்ரேல் நாட்டில் அந்தச் சலுகை இல்லை. அங்கு குடியேற்றம் வேர்பிடிக்க வேண்டும் என்பது காரணம்.

அதே பாபா மெட்சியா இந்த வாதத்துக்கு ஓர் இடைஞ்சலையும் வைத்திருக்கிறது. வீட்டைக் காலி செய்பவர் மெசூசாவைக் கழற்றிச் செல்லக் கூடாது. கழற்றிச் சென்ற ஒருவர் மனைவியையும் இரு மகன்களையும் புதைத்தார் என்று அது சொல்கிறது. கடமையின் மொழிக்குள் காப்பின் அச்சம் புகுந்துவிட்டது. வீட்டுக்காரர் யூதரல்லாதவர் என்றால் கழற்றிச் செல்லலாம் என்ற விலக்கும் அங்கேயே இருக்கிறது.

12 ஆம் நூற்றாண்டில் யூதச் சட்ட அறிஞர் மைமோனிடெஸ் இந்த அச்சத்தோடு நேராக மோதினார். தோலின் உட்புறம் தேவதூதர் பெயர்களை எழுதியவர்களுக்கு மறுமையில் பங்கில்லை என்றார். கட்டளையைத் தம் சுயலாபத்துக்கான தாயத்தாக்கிவிட்டார்கள் என்பது அவர் கோபம். ஆனால் வெளிப்புறத்தில் 'ஷத்தாய்' என்ற இறைப்பெயரை எழுதும் வழக்கத்தை அவர் தடுக்கவில்லை. வெளியே இருப்பதால் கெடுதல் இல்லையாம். பெரிய சட்ட அறிஞரும் ஊர்வழக்கத்தோடு இந்த அளவுக்காவது இணங்க வேண்டியிருந்தது.

தனிவீட்டு மெசூசாவை ஏழாண்டில் இருமுறை பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது விதி. மையும் தோலும் நாளடைவில் பழுதாகும் என்பதே அதன் கணக்கு. வீட்டில் நோய் வந்ததும் மெசூசாவைக் கழற்றி எழுத்தரிடம் ஓடும் பழக்கம் இன்றும் பரவலாக இருக்கிறது. அந்தக் கணக்கில் நோய்க்கு இடமே இல்லை.