உபாதானமும் உருவமும்

கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் நிலத்துக்குரிய விளைபொருள்களுள் தலையாயது பருத்தி. பருத்தி நூலாகின்றது, நூல் ஆடையாகின்றது. ஆடையை இழையிழையாகப் பிரித்தவழி எஞ்சுவது நூலேயன்றிப் பிறிதில்லை. முன்னரே உள்ள பொருள் உபாதானம். அதன்கண் வந்து பொருந்தியது உருவம். இவ்விரண்டையும் பகுத்துணர்தல் தத்துவ ஆராய்ச்சிக்கு இன்றியமையாததாம்.

கிரேக்கநாட்டு அரிஸ்டாட்டில் (கி. மு. 384–322), உலகத்துப் பருப்பொருள் ஒவ்வொன்றும் உபாதானமும் உருவமும் கூடிய திரவியமே எனத் துணிந்தார். உபாதானம் உருவத்தை ஏற்கும் ஆற்றலுடையது; உருவம் அதனை இன்ன பொருளென நிலைபெறச் செய்வது. உபாதானத்துக்குத் தோற்றமில்லை என்பதும் அவர் கொள்கை. தோமஸ் அக்குவினாஸ் (1225–1274) இப்பகுப்பைத் தழுவினாராயினும், உபாதானமும் இறைவனால் இன்மையினின்று படைக்கப்பட்டதே என்றார்.

இக்கல்வி கரிசற் சீமைக்கும் வந்தது. 1680ஆம் ஆண்டு இத்தாலியிற் பிறந்து, கோவில்பட்டிக்கு அணித்தாய காமநாயக்கன்பட்டியிற் பணிபுரிந்த வீரமாமுனிவர், அதனைப் பயிற்றிய சேசு சபையைச் சார்ந்தவர்.

அக்குவினாஸ் வாழ்ந்த பதின்மூன்றாம் நூற்றாண்டினராகவே கருதப்படும் மெய்கண்டார், தமிழகத்தில் சிவஞானபோதம் அருளினார். அவர்வழிச் சித்தாந்தம் காரணம் மூன்றென வகுக்கும். ஆடைக்கு நூல் முதற்காரணம்; தறி முதலாயின துணைக்காரணம்; நெய்வோன் நிமித்தகாரணன். அதுபோல உலகுக்கு மாயை முதற்காரணம், சத்தி துணைக்காரணம், சிவன் நிமித்தகாரணன். மாயை அநாதி என்க.

இறைவன் தானே உலகின் உபாதானமாகான் என்பதில் அக்குவினாசும் சித்தாந்தியும் உடன்படுவர். இறைவனால் ஆக்கப்படாத பொருள் ஒன்று உண்டெனின் அவன் முதன்மை குன்றும் என்பது முன்னவர் கருத்து. நூலைத் தான் ஆக்காமையால் நெய்வோன் தலைமை குன்றாதவாறு போல, மாயை அநாதியாதலால் இறைவன் தலைமைக்கு இழுக்கில்லை என்பது பின்னவர் விடை.

இவ்வழக்கு வெறுஞ் சொற்போரன்று. மழை பொய்த்த ஆண்டிற் கரிசல் உழவன் பசித்திருக்க, வேறொருவன் உண்டு களிப்பது எதனால்? உயிரும் உபாதானமும் இன்மையினின்று படைக்கப்பட்டனவாயின், அவ்வேற்றுமைக்கு இறைவனே பொறுப்பாவான் என்பது சித்தாந்தியின் தடை. தீமை தனக்கெனத் திரவியமுடையதன்று, நன்மையின் குறைபாடே என்பது அக்குவினாஸ் கூற்று. ஆணவமும் கன்மமும் உயிரை அநாதியே பற்றியன. அவற்றினின்று உயிரை விடுவித்தற்கே இறைவன் மாயையினின்று உலகைத் தோற்றுவிக்கின்றான் என்பது சித்தாந்தத் துணிபு.

உபாதானம் அநாதியோ அன்றோ என்னும் வினா, இறைவனது அருளைப் பற்றிய வினாவாகவே முடிதல் காண்க.