‘த்ரோ அவே’: எறிவதும் தூற்றுவதும்

ஆங்கிலத்தில் ‘த்ரோ’ என்றால் எறிதல். அதனுடன் ‘அவே’ என்னும் சிறுசொல் சேர்ந்தால், வேண்டாததைக் கழித்துவிடுதல் என்று பொருள் மாறுகிறது. பழைய செருப்பை ‘த்ரோ அவே’ செய்யலாம். தேடிவந்த நல்ல வேலையையும் ‘த்ரோ அவே’ செய்யலாம். பின்னதில் கை எதையும் எறிவதில்லை. வாய்ப்பை வீணடித்தல் என்பதே பொருள்.

இரு சொற்களும் ஒன்றாகி ‘த்ரோஅவே’ எனப் பெயரடையாகவும் வரும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்ட, ‘ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும்’ பிளாஸ்டிக் பொருள்கள் இவ்வகை. ஆனால், ‘த்ரோஅவே ரிமார்க்’ என்பதை எடுத்தெறிந்து பேசுதல் என்று கொள்வது பிழை. எடுத்தெறிந்து பேசுவதில் அவமதிப்பு உண்டு. ஆங்கிலத் தொடர் குறிப்பதோ போகிறபோக்கில் சொன்ன சொல்லை மட்டுமே.

ஆங்கிலம் துணைச்சொல்லை மாற்றிப் பொருளை மாற்றுகிறது. தமிழ் வினையையே மாற்றுகிறது. காவிரிப் படுகையின் நெல்வயலில் இதைக் காணலாம். அங்கே விதையை எறிவதில்லை, தெளிக்கிறார்கள். நாற்றுமுடியை நடவு செய்வோரின் கைக்கெட்டும்படி வீசுகிறார்கள். களத்தில் நெல்லைத் தூற்றுகிறார்கள். முறத்திலிருந்து உயரே நின்று சரிக்கும்போது பதரைக் காற்று கொண்டுபோகிறது. மணி காலடியில் குவிகிறது. இவற்றுள் எதுவும் கழித்துவிடுதல் அன்று. எல்லாமே விளைச்சலை வீட்டுக்குக் கொண்டுவரும் வேலைகள்.

ஆகவேதான், வாய்ப்பை இழப்பதற்கு ஆங்கிலம் எறிதலை உவமையாக்க, அதைப் பற்றிக்கொள்வதற்குத் தமிழ் தூற்றுதலை உவமையாக்கியது: ‘காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்’. ‘இந்த வாய்ப்பை த்ரோ அவே செய்யாதே’ என்பதற்கு இதைவிடப் பொருத்தமான தமிழாக்கம் அரிது.

ஆயினும், அறுவடை இயந்திரம் வயலிலேயே பதரைப் பிரித்துவிடுகிறது. தூற்றும் களம் கண்ணிலிருந்து மறைய, ‘தூற்று’ என்றால் பழித்துரைத்தல் என்ற பொருளே இளையோர் காதில் விழுகிறது. அவர்களுக்கு இப்பழமொழி புறங்கூறும் அறிவுரையாகத் தோன்றினால் வியப்பில்லை. பழமொழியைச் சொல்லும்போது அந்த முறத்தையும் காற்றையும் சேர்த்தே சொல்லிக்கொடுப்பது இனி ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் உரிய கடமை.