கொடுமுடி சுந்தராம்பாள்

கே. பி. சுந்தராம்பாள் என்னும் பெயரைக் கேட்டவுடன் நேயர்கள் பலருடைய மனக்கண்ணில் தோன்றுவது, நெற்றி நிறைய நீறணிந்து, வெண்ணிற ஆடை உடுத்து, கையிற் கோலூன்றி நிற்கும் ஒரு மூதாட்டியின் வடிவமே. ஔவையார் என்றால் அவர். அவர் என்றால் ஔவையார். அதே அம்மையார் ஒரு காலத்தில் தினைப்புனத்து வள்ளியாக மேடையேறி, வேலனோடு வாதாடிப் பாடிய இளநங்கை என்பதை இன்று நம்புவதே அரிதாயிருக்கிறது. அவ்விளநங்கை மூதாட்டியாக மாறியது வயதினால் அன்று. தமது இருபத்தைந்தாம் வயதில் அவர் மேற்கொண்ட ஒரு முடிவினாலேயே அம்மாற்றம் நேர்ந்தது.

கொடுமுடி காவிரிக் கரையிலுள்ள ஊர். தேவாரப் பாடல் பெற்ற தலம். அங்கே 1908ஆம் ஆண்டில், பாலாம்பாள் என்பவரின் மகளாக அவர் பிறந்தார். குடும்பம் வறுமையில் உழன்றது. புகைவண்டியிற் பாடிக் காசு பெற்ற சிறுமி என அவரைப்பற்றி ஒரு கதை வழங்குகிறது. கதை எவ்வாறாயினும், வேலு நாயர் நாடகக் குழுவிற் சேர்ந்து, நல்லதங்காள் நாடகத்திற் பசியால் வாடும் பிள்ளையாக அவர் முதலில் நடித்தார் என்பர். பசியை நடித்துக் காட்ட அச்சிறுமிக்கு ஆசிரியர் ஒருவர் வேண்டியிருந்திராது.

அவர் வளர்ந்த காலம் ‘ஸ்பெஷல் நாடகம்’ தழைத்திருந்த காலம். ஒரே குழுவினர் பலநாள் ஒத்திகை பார்த்து நடிக்கும் நாடகம் அன்று அது. ஒப்பந்தக்காரர் ஒருவர் ராஜபார்ட்டை ஓரூரிலிருந்தும் ஸ்திரீபார்ட்டை வேறோரூரிலிருந்தும் வரவழைப்பார். அவர்கள் அன்று மாலையே மேடையிற் சந்திப்பதும் உண்டு. சங்கரதாஸ் சுவாமிகள் இயற்றிய ‘வள்ளி திருமணம்’ போன்ற நாடகங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். ஆகவே, கதை என்னாகும் என்று அறியச் சபையோர் வருவதில்லை. முருகனுக்கும் வள்ளிக்கும் இடையே நிகழும் தர்க்கத்திற் பாட்டினால் வெல்பவர் யார் என்று அறியவே வந்தனர். ஒலிபெருக்கி இல்லை. கொட்டகையின் கடைசி வரிசையில் மண்ணில் அமர்ந்திருப்பவனுக்கும் சொல் தெளிவாகக் கேட்கவேண்டும். பிற்காலத்தில் அம்மையாரின் பாடலைக் கேட்டு, ‘இத்துணை உரத்த குரல் எதற்கு?’ என்று முகஞ் சுளித்தவர்கள், அக்குரல் எந்தக் கொட்டகையிற் பழகியது என்பதை எண்ணிப் பார்த்தாரில்லை.

இத்தகைய நாடகங்களுக்குக் கொழும்பு ஒரு பெரிய களமாயிருந்தது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே, புகைவண்டித் தொடர்போடு கூடிய கப்பற் சேவை ஏற்பட்டபின் தமிழகத்துக் கலைஞர் இங்கு வருவது மேலும் எளிதாயிற்று. சுந்தராம்பாளும் வந்தார், வந்த இடத்திற் பெரும்புகழ் பெற்றார். அப்பொழுது தமிழ் நாடக மேடையின் முடிசூடா மன்னர் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா. அப்பெண்ணோடு சேர்ந்து நடித்தால் அவருடைய பாட்டு எடுபடாது போகும் என்று நண்பர்கள் அவரை எச்சரித்தனர் என்பது நாடக உலகில் வழங்கும் செய்தி. எச்சரிக்கையைப் பொருட்படுத்தாது அவர் கடல் கடந்து வந்தார். 1926இல் இருவரும் முதன்முதலாக இணைந்து நடித்தது கொழும்பு மாநகரிலேதான். நாடகம் வள்ளி திருமணம். போட்டியாகத் தொடங்கியது காதலாக முடிந்தது. 1927இல் அவர்கள் மணந்துகொண்டனர்.

கிட்டப்பாவுக்கு முன்னரே மணமாகியிருந்தது. சாதி வேற்றுமையும் இருந்தது. மேடையில் இணைபிரியாத அவ்விருவரும் இல்வாழ்க்கையில் நெடிது இணைந்திருக்கவில்லை. பிறந்த குழந்தையும் தங்கவில்லை. சுந்தராம்பாள் கணவருக்கு எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் அச்சேறியுள்ளன. ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் அஞ்சாது வாதாடிய வள்ளி, அக்கடிதங்களில் ஒரு மறுமொழிக்காகக் கெஞ்சுகிறார். சில வேளைகளிற் கடிந்தும் கொள்கிறார். 1933 டிசம்பர் 2ஆம் நாள் கிட்டப்பா காலமானார். அவருக்கு வயது இருபத்தேழே.

அதன்பின் சுந்தராம்பாள் வெள்ளை உடுத்தினார். இனி எந்த ஆடவரோடும் இணையாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். இதனைப் பத்தினித்தன்மையின் உச்சம் என்று போற்றி அமைவோர் பலர். அப்போற்றுதல் மட்டும் போதாது. நாடகக்காரி என்றால் இழிவாகப் பேசிய சமூகம் அது. ஊரறிந்த அழகும் பொருளும் உடைய இளம் விதவைக்கு, அச்சமூகத்தில் வெண்ணிற ஆடை துயரின் அடையாளமாக இருந்தது. அதனினும் மேலாக ஒரு கவசமாகவும் இருந்தது. அதனை அணிந்துகொண்டு தம் தொழிலைத் தம் விருப்பப்படியே அவர் நடத்தினார் என்பதே கவனிக்கத்தக்கது.

திரைப்படத்துக்கு அழைப்பு வந்தபோது அவர் உடன்படவில்லை. தட்டிக்கழிக்க எண்ணி ஓர் இலட்சம் ரூபா கேட்டார் என்றும், தயாரிப்பாளர் அசந்தாஸ் அதற்கும் இசைந்துவிட்டார் என்றும் கூறுவர். 1935இல் வெளிவந்த ‘பக்த நந்தனார்’ படத்தில், அந்த ஓர் இலட்சத்துக்கு அவர் ஏற்றது ஆண்வேடம்! நந்தனாராக அவரும், வேதியராக மகாராஜபுரம் விசுவநாத ஐயரும் நடித்தனர். படம் சிறந்த படமன்று. கல்கி அதனைக் கடுமையாகச் சாடினார். ஆனால் நாயகனுக்கு இணையாக நடிக்க மறுத்தவர், தாமே நாயகனாகிவிட்ட நுட்பம் வியக்கத்தக்கது. அடுத்து 1940இல் ‘மணிமேகலை’. அவளோ அரசகுமாரனின் காதலைத் துறந்து அறவழி நின்றவள்.

பின்னர் 1953இல் எஸ். எஸ். வாசனின் ஜெமினி நிறுவனம் ‘ஔவையார்’ படத்தை வெளியிட்டது. இயக்கியவர் கொத்தமங்கலம் சுப்பு. திருமணத்துக்கு அஞ்சிய இளம்பெண் விநாயகரை வேண்டித் தன் இளமையை நீத்து முதுமை பெற்றாள் என்பது ஔவையைப் பற்றிய பழங்கதை. படத்தில் இளம்பெண்ணாகக் குசலகுமாரியும், முதுமை எய்திய ஔவையாகச் சுந்தராம்பாளும் தோன்றினர். அப்பொழுது அம்மையாருக்கு வயது ஏறத்தாழ நாற்பத்தைந்துதான். தாமாகவே இளமையைக் களைந்தெறிந்த ஒருத்தியின் கதை அவருக்கு அயலார் கதையாக இருந்திருக்க முடியாது. வேடம் அவ்வளவு பொருந்தியமைக்கு ஒப்பனை மட்டும் காரணமன்று.

அவர் காங்கிரஸ் கட்சியினர். சத்தியமூர்த்தி காலந்தொட்டு அதன் மேடைகளிற் பாடிக் கூட்டம் சேர்த்தவர். 1950களிற் சென்னைச் சட்ட மேலவையிலும் அங்கம் வகித்தார். அரசியலுக்கும் திரைக்கும் தமிழகத்தில் நேர்ந்த உறவைப் பேசுவோர் பெரும்பாலும் அவரை மறந்துவிடுகின்றனர். இவ்வளவு அழுத்தமான காங்கிரஸ்காரர், 1964இல் மு. கருணாநிதி திரைக்கதை எழுதிய ‘பூம்புகார்’ படத்திற் கவுந்தியடிகளாக நடித்தார். 1965இல் ஏ. பி. நாகராசனின் ‘திருவிளையாடல்’ படத்தில் மீண்டும் ஔவையானார். 1969இல் வந்த ‘துணைவன்’ படத்திற் பாடியமைக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருதும், 1970இற் பத்மஸ்ரீ விருதும் அவரை வந்தடைந்தன. மென்மையான குரல்களே கோலோச்சிய அக்காலத்தில், கொட்டகைக் குரலொன்று அறுபது வயதைக் கடந்த பின் அவ்விருதைப் பெற்றது சிறிய செய்தியன்று.

1973இல் ‘காரைக்கால் அம்மையார்’ வெளிவந்தது. கணவனாற் கைவிடப்பட்டு, தன் எழிலை உதறிப் பேயுருவை வேண்டிப் பெற்ற அடியாரின் வரலாறு அது. எழில் நிறைந்த புனிதவதியாக இலட்சுமி நடித்தார். எழிலைத் துறந்த அம்மையாராகச் சுந்தராம்பாள் நடித்தார். இருபது ஆண்டுகளுக்கு முன் ஔவையார் படத்தில் இருந்த அதே பங்கீடு. 1980ஆம் ஆண்டு அவர் காலமானார். கிட்டப்பா மறைந்து ஏறத்தாழ நாற்பத்தேழு ஆண்டுகள் ஆகியிருந்தன. அன்று உடுத்த வெள்ளையை அவர் இறுதிவரை மாற்றவில்லை.