கொல்லைப்புறத்தில் பிறந்த ஒலி

கோடம்பாக்கத்தில் 1989இல் ஒரு வீட்டின் பின்புறம் சின்ன ஒலிப்பதிவுக் கூடம் எழுந்தது. பெயர் பஞ்சதன் ரெக்கார்ட் இன். கட்டிய ஏ.ஆர். ரகுமானுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. விளம்பரங்களுக்கு இசையமைத்துக்கொண்டும் சினிமாவில் கீபோர்டு வாசித்துக்கொண்டும் இருந்தார். மலையாளப் பட இசையமைப்பாளரான அப்பா ஆர்.கே. சேகர் மறைந்தபோது பையனுக்கு ஒன்பது வயது. அவர் விட்டுப்போன கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் நடந்தது.

அன்றைய சினிமாப் பாட்டு பெரிய கூடத்தில், வாத்தியக்காரர்கள் கூடி உட்கார்ந்து வாசிக்கப் பிறந்தது. கால்ஷீட் முடிவதற்குள் பாட்டும் முடிய வேண்டும். மின்னிசைக் கருவிகளையும் கணினியையும் இணைக்கும் மிடி 1983இல் வந்தபின், தனி ஒருவர் கீபோர்டில் வாசித்ததைக் கணினி நினைவில் வைத்துக்கொண்டு எத்தனை முறை வேண்டுமானாலும் திருப்பி வாசித்தது. அதுவும் சொந்த வீட்டில் என்றால், ஒரு தாளத்தின் ஓசையை மட்டும் இரவெல்லாம் மாற்றிப் பார்க்கலாம். ரகுமானின் ஒலிக்கு இந்த அவகாசமே தாய் என்பேன்.

ஆனால் மின்னிசைக்கு ஒரு குணம் உண்டு. கூடத்தில் வாசித்த வயலினோடு அந்த இடத்தின் காற்றும் சேர்ந்து பதிவாகும். சிந்தசைசர் ஓசைக்கு இடமே கிடையாது. வறண்டு, காதுக்குப் பக்கத்திலேயே நிற்கும். பத்து ஓசைகளை அடுக்கினால் பத்தும் முன்வரிசைக்கு முண்டும். எதைப் பின்னுக்குத் தள்ளுவது, எதற்கு எவ்வளவு ரிவெர்ப் (எதிரொலிப்பு) தருவது, எதை எடுத்தே விடுவது என்பதில்தான் மிக்ஸிங் இருக்கிறது. 1992 ஆகஸ்ட் 15இல் வெளியான ‘ரோஜா’வின் ‘சின்னச் சின்ன ஆசை’யைக் கேளுங்கள். மின்மினியின் குரலைச் சுற்றி எவ்வளவு வெட்டவெளி!

அந்தப் படம் தொடங்கி ரகுமானோடு இருந்த ஒலிப்பொறியாளர் எச். ஸ்ரீதரை நாம் போதுமான அளவு பேசவில்லை. நான்கு தேசிய விருதுகள் பெற்றவர். 2008 டிசம்பரில் காலமானார். ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ இசைத்தொகுப்புக்கான கிராமி 2010இல் அவர் பெயருக்கும் வந்தது. இசையமைத்தவருக்குத் தன் பாட்டில் எல்லாமே செல்லம். இன்னொரு காது வேண்டும்.

இன்று கள்ளக்குறிச்சியில் ஒரு மடிக்கணினியும் ஹெட்ஃபோனும் இருந்தால் அந்தக் கொல்லைப்புறக் கூடம் வந்துவிட்டது. ஸ்பீக்கரில் கேட்டால், குறை அறையில். சதுரமான சிமென்ட் அறையின் மூலைகளில் பேஸ் தேங்கி, இல்லாத கனத்தைக் காட்டும். தடித்த மெத்தையை மூலையில் சாய்த்தால் கொஞ்சம் அடங்கும். கிக் டிரம்மும் பேஸ் கருவியும் மோதினால் ஒன்றின் கீழ் அதிர்வெண்களைக் குறையுங்கள். மற்றக் கருவிகளில் நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரும்பாலும் உறுமல்தான். அதை வெட்டினாலே பாட்டு தெளியும். சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்டால் எது துருத்துகிறது என்று உடனே தெரியும்.

பிறகு பாட்டைச் சாதாரணச் செல்போனில் ஏற்றிக்கொண்டு கல்வராயன் மலையேறும் வெள்ளிமலை பஸ்ஸில் கேளுங்கள். ஏற்றத்தில் எஞ்சின் உறுமலுக்குள் முதலில் பேஸ் மூழ்கும். குரலும் மூழ்கினால், இறங்கி வந்ததும் குரலைக் கூட்டாதீர்கள். அதே அதிர்வெண்களில் அதோடு மல்லுக்கு நிற்கும் கீபோர்டைக் குறையுங்கள்.