குழவி சுற்றிய கை

இட்லி எங்கே பிறந்தது என்று கேட்டால் சொல்வதற்கு நிறைய இருக்கிறது. கி.பி. 920ஐ ஒட்டி எழுதப்பட்ட கன்னட நூலான வட்டாராதனையில் ‘இட்டலிகெ’ வருகிறது. சுமார் 1025இல் இரண்டாம் சாவுண்டராயர் எழுதிய லோகோபகாரம், உளுந்தை மோரில் ஊறவைத்து அரைத்து, மிளகும் சீரகமும் பெருங்காயமும் சேர்க்கச் சொல்கிறது. 1130 அளவில் சாளுக்கிய மன்னர் மூன்றாம் சோமேசுவரர் பெயரில் அமைந்த மானசோல்லாசத்திலும் இதன் உறவுப் பண்டம் ஒன்று உண்டு. இவற்றையெல்லாம் வரிசைப்படுத்திய உணவு வரலாற்றாளர் கே.டி. அச்சயா, இன்றைய இட்லியின் மூன்று அடையாளங்கள் அந்தப் பழைய குறிப்புகளில் இல்லை என்றார்: அரிசி, நெடுநேரப் புளிப்பு, ஆவியில் வேகவைத்தல். இந்தப் பக்குவம் இந்தோனேசியாவிலிருந்து வந்திருக்கலாம் என்பது அவருடைய அனுமானம். அதை மறுப்பவர்களும் இருக்கிறார்கள்.

இந்த விவாதத்தில் மன்னர் உண்டு, புலவர் உண்டு, கடல் கடந்த சமையற்காரர் உண்டு. மாவை அரைத்தவர் மட்டும் இல்லை. வட்டாராதனைக் குறிப்பையே பாருங்கள். தன் வீட்டுக்கு வந்த பிரம்மச்சாரிக்கு ஒரு பெண் படைக்கும் பதினெட்டுப் பண்டங்களில் ஒன்றாக இட்டலிகெ வருகிறது என்கிறார் அச்சயா. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பண்டங்களை எண்ணிவிட்டார்கள். அவற்றைச் செய்ய எத்தனை நாழிகை ஆனது என்று எண்ணுவதற்கு ஆளில்லை.

நாம் எண்ணிப் பார்க்கலாம். அரிசியும் உளுந்தும் தனித்தனியாக ஊற வேண்டும். உளுந்தை முதலில் போட்டு, தண்ணீர் தெளித்துத் தெளித்து, பொங்கப் பொங்க ஆட்ட வேண்டும். பிறகு அரிசியைக் குருணைப் பதத்தில் எடுக்க வேண்டும். வலக்கை குழவியைச் சுற்றும். இடக்கை மாவை உள்ளே தள்ளும். தாளம் தப்பினால் விரல் நசுங்கும். பெரிய குடும்பத்துக்கு அரைத்து முடிக்க இரண்டு மணி நேரமும் ஆகும். உப்புப் போட்டுக் கரைத்து, கல்லைக் கழுவிவிட்டு எழுந்திருக்கும்போது தோளும் இடுப்பும் தன் வசத்தில் இருக்காது.

உலக்கைக்கு இலக்கியத்தில் இடம் உண்டு. வள்ளைப்பாட்டு கலித்தொகையிலும் சிலப்பதிகாரத்திலும் இருக்கிறது. உலக்கை போடுவது பெண்கள் இருவர் எதிரெதிரே நின்று செய்யும் வேலை. பேச்சும் பாட்டும் கேலியும் அதன் கூடவே வரும். ஆட்டுக்கல்லில் ஒருத்தி தனியாக உட்கார வேண்டும், பெரும்பாலும் எல்லோரும் சாப்பிட்டு ஓய்ந்த பிறகு.

அந்தக் கையைப் பற்றி நம் வீடுகளில் இரண்டு நம்பிக்கைகள் இருந்தன. மாவு நன்றாகப் பொங்கினால் அவளுக்குக் ‘கைராசி’. அதே கை மாதத்தில் மூன்று நாள் மாவுப் பானையைத் தொடக்கூடாது. தொட்டால் மாவு கெட்டுவிடும். நுண்ணுயிரியலுக்கு இவை இரண்டுமே தேவைப்படவில்லை. லியூகோநாஸ்டாக் போன்ற பாக்டீரியாக்கள் உளுந்திலும் அரிசியிலுமே இருக்கின்றன. ஊறிய மாவில் பெருகிக் கரியமில வாயுவை விடுகின்றன. உளுந்தின் கொழகொழப்பு அந்த வாயுவைப் பிடித்துவைக்கிறது. மாவு பொங்குவது வெப்பத்தையும் நேரத்தையும் அரைத்த பதத்தையும் பொறுத்தது. பதம் அவளுடைய உழைப்பு. அதை உழைப்பென்று சொல்லாமல் ராசி என்று சொல்லிவிட்டால், கணக்குப் பார்க்க வேண்டியதில்லை.

அரிசிப் பண்டத்தை வைத்துப் பெண்ணை எடைபோடும் வழக்கம் நம்மிடம் மட்டும் இல்லை. கொரியாவில் சுசோக் என்னும் அறுவடைத் திருநாளுக்கு, அரிசிமாவில் எள்ளும் பயறும் பூரணமாக வைத்து, பைன் ஊசியிலைகளைப் பரப்பி ஆவியில் வேகவைக்கும் சோங்பியோன் செய்வார்கள். நம் கொழுக்கட்டைக்குத் தூரத்து உறவு என்று சொல்லலாம். அதை அழகாகப் பிடிக்கும் கன்னிப்பெண்ணுக்கு நல்ல கணவன் வாய்ப்பான், கர்ப்பிணிக்கு அழகான மகள் பிறப்பாள் என்பது அங்கே பழைய நம்பிக்கை. அந்தத் திருநாள் சமையல் மருமகள்கள் தலையில் விழுந்து, அதனால் வரும் உடல்வலிக்கும் மனச்சோர்வுக்கும் ‘திருநாள் நோய்’ என்றே கொரிய மொழியில் இன்று பெயர் இருக்கிறது. நம் மொழியில் இன்னும் அப்படியொரு பெயர் இல்லை.

இட்லியைத் தமிழர் உணவு என்னும்போது எந்தத் தமிழர் என்றும் கேட்க வேண்டும். நாற்று நட்டு, களை பறித்து, கதிர் அறுத்த பெண்களின் வீடுகளில் அன்றாட உணவு கூழும் களியும் கஞ்சியும்தான். அங்கே இட்லி தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வந்த விருந்தாளி. ஒரு சாதியின் காலைப் பலகாரம் இன்னொரு சாதிக்கு ஆண்டுக்கு ஒருமுறை வந்த ஆசை. இட்லியின் வரலாற்றில் அந்தப் பசியும் சேர்ந்தது.

ஓட்டல்கள் வந்தபோது ஒரு விந்தை நடந்தது. கூலி கிடைக்கும் இடத்தில் ஆட்டுக்கல்லின் முன் ஆண் உட்கார்ந்தான். படிக்காத பையனை “ஓட்டலில் மாவாட்டத்தான் லாயக்கு” என்று திட்டும் வழக்கு அப்படி வந்ததுதான். ஆணுக்கு வசையான அதே வேலை, வீட்டில் அவன் தாய்க்குக் கடமையாக இருந்தது. வசையிலாவது கூலி இருந்தது.

1955இல் கோயம்புத்தூரில் பி. சபாபதி மாவரைக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். பிற்காலத்தில் கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் புவிசார் குறியீடும் பெற்றது. பெண்களின் தோளிலிருந்து பெரும் பாரத்தை இறக்கிய கருவி அது. அதைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் மிச்சமான நேரம் எங்கே போனது? விசேஷ நாளின் இட்லி தினசரி இட்லியானது. காலைக்கு இட்லி, இரவுக்குத் தோசை, தொட்டுக்கொள்ள இரண்டு வகைச் சட்னி. கல்லைத் தூக்கிக் கழுவுவதும் அவள்தான். அமெரிக்க வீட்டுக் கருவிகளின் வரலாற்றை எழுதிய ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன், 1983இல் வெளியான தம் நூலுக்கு ‘அம்மாவுக்கு மேலும் வேலை’ என்று பொருள்படத் தலைப்பு வைத்தார். கருவி வந்ததும் எதிர்பார்ப்பு கூடியது. வேலையில் பங்கெடுத்துக்கொண்ட மற்றவர்கள் விலகினார்கள் என்பது அவர் வாதம். நம் சமையலறைக்கும் அது பொருந்துகிறது.

2011இல் தமிழக அரசு குடும்ப அட்டைக்கு விலையில்லா மிக்ஸியும் கிரைண்டரும் மின்விசிறியும் கொடுக்கத் தொடங்கியது. ‘இலவசம்’ என்று நையாண்டி செய்தவர்களில் எத்தனை பேர் ஆட்டுக்கல்லின் முன் உட்கார்ந்திருப்பார்கள் என்று தெரியவில்லை. மாவாட்டுவது மக்களின் பிரச்சினை என்று ஓர் அரசு ஒத்துக்கொண்ட தருணமாகவே நான் அதைப் பார்க்கிறேன். 2013இல் சென்னையில் அம்மா உணவகங்கள் திறந்தன. இட்லி ஒரு ரூபாய். அவித்ததும் பரிமாறியதும் சுயஉதவிக் குழுப் பெண்கள். ஓட்டல் ஆணுக்குக் கொடுத்த கூலி பெண்ணுக்கும் வந்தது. எவ்வளவு வந்தது என்பதையும் பார்க்க வேண்டும்: 2024இல் அவர்களின் நாள்கூலி 300 ரூபாயிலிருந்து 325 ரூபாயாக உயர்ந்தது. ஒரு ரூபாய் இட்லியின் மலிவில் அவர்கள் பங்கும் இருக்கிறது.

இப்போது மாவு பாக்கெட்டில் வருகிறது. பெரிய நிறுவனங்கள் வருவதற்கு முன்பே, தெருமுனையில் கிரைண்டர் வைத்து மாவு ஆட்டி விற்றுப் பிள்ளைகளைப் படிக்கவைத்த பெண்கள் நம் ஊர்கள் எங்கும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அவர்களில் பலர் கணவனை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள். வீட்டுக்குள் விலையில்லாமல் இருந்த உழைப்புக்கு முதலில் விலை வைத்தது அவர்கள்தான். தொழில் வரலாறு அவர்களைத் தொழில்முனைவோர் பட்டியலில் இன்னும் சேர்க்கவில்லை.

இட்லியின் வரலாற்றை எழுதப்போகும் மாணவி வட்டாராதனையையும் மானசோல்லாசத்தையும் படிக்கத்தான் வேண்டும். கூடவே கொல்லையில் கவிழ்ந்து கிடக்கும் கல்லையும் நிமிர்த்திப் பார்க்கட்டும். இதில் யார் அரைத்தார்கள், எத்தனை மணிக்கு எழுந்தார்கள், எல்லோரும் சாப்பிட்ட பிறகு அவர்களுக்கு எத்தனை இட்லி மிஞ்சியது என்று கேட்கட்டும். பதில் சொல்லக்கூடியவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள்.